ஓடிகோலன் ஊரில் ஒரு நாள்: கொலோன் நகரம், டெல்டாவிலிருந்து போகிறவர்களுக்கு ஒரு மதிப்பீடு

காய்ச்சல் வந்தால் நெற்றியில் நனைத்துப் போடும் ஓடிகோலன் துணியைத் தெரியாத வீடு கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ இருக்காது. அந்தப் பாட்டிலின் பெயரில் வரும் 'கோலன்' ஓர் ஊர். 'கொலோன் தண்ணீர்' என்பதைத்தான் பிரெஞ்சில் அப்படிச் சொன்னார்கள், நம் வாயில் அது ஓடிகோலன் ஆயிற்று. ஜெர்மனியின் மேற்கில் ரைன் ஆற்றங்கரையில் இருக்கிறது அந்த ஊர். ஜெர்மானியர்கள் 'க்யோல்ன்' என்பார்கள். ஆஹன், பான், டியூசல்டார்ஃப் பக்கம் படிக்கவோ வேலைக்கோ போன பிள்ளைகளைப் பார்க்கப் போகும் தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டத்துப் பெற்றோர் இப்போது நிறைய. அவர்களை ஒரு நாள் எங்கே அழைத்துப் போகலாம் என்று பிள்ளைகள் கேட்டால், முதல் பதில் கொலோன்தான்.

காரணம் எளிது. ரயிலடி வாசலை விட்டு வெளியே வந்தால் எதிரே பேராலயம். அதன் பின்னால் ஆறு. ஆற்றங்கரையை ஒட்டிப் பழைய ஊரும் சாப்பாட்டுக் கடைகளும். டிராம் பிடித்தால் கால்பந்து மைதானம். எல்லாம் ஒரு நாளுக்குள் அடங்கும், நடை அதிகம் இல்லை. ஆனால் எந்த வரிசையில் பார்க்கிறோம் என்பதில் தப்பு செய்தால் நாள் வீணாகும். சாப்பாட்டில் பெயர் தெரியாமல் கேட்டால் தட்டு அப்படியே திரும்பும். அதனால் இந்த இரண்டையும் மட்டும் விரிவாகச் சொல்லி, மற்றதைச் சுருக்கமாகத் தாண்டிப் போகலாம்.

முதலில் போக்குவரத்து. டியூசல்டார்ஃபிலிருந்தும் பானிலிருந்தும் வட்டார ரயிலில் ஏறக்குறைய அரை மணி நேரம், ஆஹனிலிருந்து ஒரு மணி நேரம். ஜெர்மனி முழுதும் வட்டார ரயில், டிராம், பேருந்து எல்லாவற்றிலும் செல்லும் மாதச் சீட்டு ஒன்று உண்டு. 2023 மே மாதம் 49 யூரோவுக்கு வந்தது, 2025-ல் 58 யூரோ ஆனது, பிறகும் ஏறியிருக்கிறது. அது மாதாமாதம் தானாகப் புதுப்பிக்கும் சந்தா. ஒரு மாதத்துக்கு மட்டும் வேண்டுமென்றால் அந்த மாதம் 10-ஆம் தேதிக்குள் ரத்து செய்ய வேண்டும். மறந்தால் அடுத்த மாதப் பணமும் போகும். அதிவேக ரயிலில் அந்தச் சீட்டு செல்லாது. வயதானவர்கள் இரண்டு மூன்று பேராக ஒரு நாள் மட்டும் போவதானால், ஐந்து பேர் வரை ஒன்றாகப் போகும் 24 மணி நேரச் சீட்டு மலிவு. தாள் சீட்டு வாங்கினால் முத்திரைப் பெட்டியில் நேரம் குத்த வேண்டுமா என்று பார்த்துவிட்டு ஏறுங்கள். டிராமுக்கு உள்ளே இருக்கும் இயந்திரத்தில் எடுத்ததற்கு அது வேண்டாம். சீட்டு கையில் இருந்தும் முத்திரை இல்லையென்றால் சீட்டே இல்லாத கணக்குதான், அபராதம் 60 யூரோ.

ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து வரும் அதிவேக ரயில்களில் சில, பேராலயத்துக்கு எதிரே இருக்கும் பெரிய ரயிலடிக்குப் போகாமல் ஆற்றுக்கு அக்கரையில் 'மெஸ்ஸெ டொய்ட்ஸ்' என்ற நிலையத்திலேயே நின்றுவிடும். பதற வேண்டாம். நாளின் வரிசையைத் திருப்பிப் போட்டு அங்கிருந்தே தொடங்கலாம்.

பேராலயத்தைப் பற்றிச் சொல்லும்போது திருச்சிக்காரருக்கும் தஞ்சாவூர்க்காரருக்கும் ஒரு விஷயம் சட்டென்று பிடிபடும். திருவரங்கத்து ராஜகோபுரம் நூற்றாண்டுக்கணக்கில் மொட்டைக் கோபுரமாக நின்று 1987-ல்தான் முழுமையானது. கொலோன் பேராலயத்தின் கதையும் அதேதான். 1248-ல் அடிக்கல் வைத்தார்கள். பதினாறாம் நூற்றாண்டில் பணமும் ஊக்கமும் தீர்ந்து வேலை நின்றது. பாதியில் நின்ற தெற்குக் கோபுரத்தின் மேல் கல் தூக்கும் மர ஏற்றம் அப்படியே நின்று, முந்நூறு ஆண்டுக்கு மேல் அதுவே ஊரின் அடையாளமாக இருந்தது. 1842-ல் மறுபடி தொடங்கி 1880-ல் முடித்தார்கள். உயரம் 157 மீட்டர், அதாவது 515 அடி. திருவரங்கம் 236 அடி என்பதை நினைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தால்தான் அளவு புரியும். கட்டி முடித்த காலத்தில் உலகிலேயே உயரமான கட்டடம் அதுதான். இரண்டாம் உலகப் போரில் 14 குண்டுகள் விழுந்தும் சாயவில்லை. சுற்றியிருந்த ஊர் மட்டும் தரைமட்டமானது.

படம் எடுக்கப் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஏதாவது ஒரு பக்கம் சாரம் கட்டியே இருக்கும். நமக்குப் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திருப்பணி, அவர்களுக்கு அன்றாடம் திருப்பணி. கோயிலுக்கென்றே கல்தச்சர் பட்டறை நிரந்தரமாக இருக்கிறது. கரித்துப்போன கல்லைப் பார்த்து 'கவனிக்காமல் விட்டுவிட்டார்கள்' என்று நினைக்க வேண்டாம். காற்றில் இருக்கும் கந்தகமும் புகையும் மணற்கல்லைக் கறுக்கவைக்கின்றன, புதிதாக மாற்றிய கல் மட்டும் வெளுப்பாகத் தெரியும்.

உள்ளே பெரிய பெட்டியோடு விடமாட்டார்கள், ரயிலடி லாக்கரில் வைத்துவிட்டு வர வேண்டும். தொப்பியைக் கழற்ற வேண்டும், பேச்சைக் குறைக்க வேண்டும். பூசை நேரத்தில் சுற்றிப் பார்க்க அனுமதி இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பெரும்பாலும் பூசையிலேயே போகும், ஆகவே பார்வைக்கு ஞாயிறு காலை வேண்டாம். தெற்குப் பக்கச் சாளரத்தை 2007-ல் புதிதாக வைத்தார்கள். 72 நிறங்களில் 11,000-க்கும் மேற்பட்ட சதுரக் கண்ணாடித் துண்டுகள். உருவம் எதுவும் கிடையாது. நண்பகலை ஒட்டி வெயில் அடிக்கும்போது அந்த நிறங்கள் தூணிலும் தரையிலும் விழுவதைப் பார்க்கவே கால் மணி நேரம் தனியாக ஒதுக்கலாம்.

கோபுரம் ஏறுவது வேறு கணக்கு. 533 படி, லிஃப்ட் கிடையாது. ஏறுகிறவரும் இறங்குகிறவரும் ஒரே சுழல் படியில். அகலம் குறைவு, எதிரே ஆள் வந்தால் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். மலைக்கோட்டை உச்சிப் பிள்ளையாரைப் பார்க்க ஏறும் படிகளைவிட அதிகம். அங்கே போல நின்று மூச்சுவிட மண்டபமும் இடையிடையே இல்லை. பாதி வழியில் மணிக்கூடம் மட்டும் உண்டு. 1923-ல் வார்த்த 24 டன் மணி அங்கே தொங்குகிறது. முட்டி வலி, தலைச்சுற்றல், நெஞ்சுக்கோளாறு உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்பதே நேர்மையான அறிவுரை. காலை ஒன்பதுக்குத் திறந்த உடனே ஏறினால் எதிர்க்கூட்டம் இருக்காது. பதினொன்றுக்கு மேல் ஏறினால் அரை மணி நேர வேலை ஒரு மணி நேரம் ஆகும். பைசாவுக்குக் குறையில்லாத அனுபவம், ஆனால் ஐம்பது வயதுக்குக் கீழே இருந்தால்.

பெரியவர்களுக்கு அதைவிட நல்லது ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிறது. பேராலயத்தின் பின்பக்கமிருந்து ஹோஹென்ட்ஸோலர்ன் ரயில் பாலம் தொடங்கும். 409 மீட்டர் நீளம், ரயிலும் நடைபாதையும் மட்டும்தான், கார் கிடையாது. காதலர்கள் பூட்டிவிட்டுப் போன ஆயிரக்கணக்கான பூட்டுகள் கம்பிவேலி முழுக்க. பத்து நிமிட நடை. இறங்கும் இடத்தில் 'கொலோன் டிரையாங்கிள்' என்ற கண்ணாடிக் கட்டடம், 103 மீட்டர் உயரத்தில் திறந்த மாடி, லிஃப்ட் உண்டு. கட்டணம் சில யூரோதான். பேராலயத்துக்கு மேல் நின்றால் பேராலயம் தெரியாது, இங்கே நின்றால் கோயிலும் பாலமும் ஆறும் ஒரே பார்வையில். எது எந்தக் கட்டடம் என்று கண்ணாடியிலேயே எழுதியிருக்கிறார்கள். கோபுரமா இந்த மாடியா என்றால், குடும்பத்தோடு போகிறவர்களுக்கு இந்த மாடிதான்.

ரைனைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஜூன் 12-க்கு மேட்டூர் திறக்குமா என்று காத்திருந்து பழகிய கண்ணுக்கு, கரைதொட்டு ஓடும் ஆறு ஆசையாகத்தான் இருக்கும். காலையாவது நனைக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். அங்கே நம் ஊர்ப் படித்துறை போல இறங்கிக் குளிக்கும் வழக்கம் இல்லை, நீரோட்டம் கடுமை. அதைவிட ஆபத்து சரக்குப் படகுகள். நீளமான படகு கடந்துபோகும்போது கரையோரத் தண்ணீர் முதலில் உள்ளே இழுக்கும், அடுத்து வேகமாகத் திரும்பி வரும். முழங்கால் ஆழத்தில் நிற்பவரையும் அது சாய்த்துவிடும். நீச்சல் தெரிந்தவர்களே ரைனில் போயிருக்கிறார்கள். கரையில் புல்தரை இருக்கிறது, பெஞ்சு இருக்கிறது, அங்கே உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிடலாம். அந்தக் குளிருக்குப் புளியோதரை மாலைவரை கெடாது. சாப்பாட்டுக் கடைக்குள் மட்டும் வெளிச் சாப்பாட்டைப் பிரிக்கக் கூடாது.

இனி சாப்பாடு. கொலோன் சாப்பாட்டுக் கடைகளின் உயிர், தாங்களே வடிக்கும் பீர் விற்கும் பழைய கூடங்கள்தான். நீண்ட மர மேசை, தெரியாதவரோடு சேர்ந்து உட்கார வேண்டும். இடம் காலியா என்று கேட்க 'இஸ்ட் ஹியர் ஃப்ரை?' என்றால் போதும். நீல உடையில் வரும் பரிமாறுபவருக்கு 'க்யோபெஸ்' என்று பெயர். வெடுக்கென்று பேசுவது அவர்கள் மரபு, அவமரியாதை இல்லை. ஊர் பீரான க்யோல்ஷ் 0.2 லிட்டர் ஒல்லிக் கிளாஸில் வரும். நம் கும்பகோணம் வெற்றிலைக்கு 2025-ல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதுபோன்ற காப்பு க்யோல்ஷுக்கும் உண்டு. கொலோன் வட்டாரத்துக்கு வெளியே வடித்தால் அந்தப் பெயர் வைக்க முடியாது. கிளாஸ் காலியானால் கேட்காமலேயே அடுத்தது வரும். நிறுத்த வேண்டுமென்றால் அடியில் இருக்கும் அட்டையை எடுத்துக் கிளாஸ் மேல் மூட வேண்டும். அந்த அட்டையில் போடும் பென்சில் கோடுகள்தான் பில், தொலைத்துவிடக் கூடாது. குடிக்காதவர்கள் 'ஆப்ஃபெல்ஷோர்லெ' கேட்கலாம், ஆப்பிள் சாறும் சோடாவும் கலந்தது. தண்ணீர் என்று மட்டும் கேட்டால் காசுக்குச் சோடாத் தண்ணீர் வரும். சாதாரணத் தண்ணீர் வேண்டுமென்றால் 'ஷ்டில்லெஸ் வாஸர்' என்று சொல்ல வேண்டும்.

பெயர்கள் ஏமாற்றும். 'ஹால்வெ ஹான்' என்றால் நேர்ப் பொருள் அரைக்கோழி, தட்டில் கோழி இருக்காது. கோதுமை போன்ற ரை தானிய மாவு ரொட்டியும் தடித்த சீஸ் துண்டும், கூடவே வெண்ணெய், கடுகு விழுது, வெங்காயம். சைவர்கள் தைரியமாகக் கேட்கலாம். 'கொலோன் கேவியர்' என்று இருந்தால் மீன் முட்டை என்று நினைத்துவிடக் கூடாது, அது பன்றி ரத்தத்தில் செய்த தொத்திறைச்சி. 'ஹிம்மெல் உன் ஏட்' என்றால் வானமும் பூமியும். ஆப்பிள் மசியலும் உருளைக்கிழங்கு மசியலும்தான் பெயருக்குக் காரணம், ஆனால் மேலே அதே ரத்தத் தொத்திறைச்சி. 'மெட்' என்பது வேகாத பன்றிக் கொத்துக்கறி, ரொட்டியில் தடவித் தருவார்கள். பழக்கமில்லாத வயிற்றுக்கு வேண்டவே வேண்டாம். 'ஸவர்பிராட்டன்' பெரும்பாலும் மாட்டிறைச்சி, பழைய முறையில் குதிரை இறைச்சி. 'ரிண்ட்' மாடு, 'ஷ்வைன்' பன்றி, 'ப்ஃபெர்ட்' குதிரை, இந்த மூன்றை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டால் பாதி கவலை தீரும்.

மீதிப் பாதி, மறைந்திருக்கும் இறைச்சி. வறுத்த உருளைக்கிழங்கு சைவம்தானே என்று கேட்டால் பன்றிக் கொழுப்புத் துணுக்கு போட்டு வறுத்திருப்பார்கள். பருப்பு சூப்பில் தொத்திறைச்சி மிதக்கும். 'வெகெட்டாரிஷ்' என்று சொல்வதோடு நிறுத்தாமல் 'ஓனே ஷ்பெக்', அதாவது கொழுப்புத் துணுக்கு இல்லாமல், என்று தனியாகச் சொல்ல வேண்டும். முட்டை சாப்பிடாதவர்கள் 'ஓனே ஐ' என்க. முட்டைக்கு ஜெர்மனில் 'ஐ'தான்.

இவ்வளவு கண்டங்களுக்கு நடுவே டெல்டாக்காரருக்கு ஒரு பெரிய ஆறுதல் 'ரீவ்கோகெ'. துருவிய உருளைக்கிழங்கில் செய்யும் அடை. மொறுமொறுவென்று எண்ணெயில் பொரித்து, மூன்று மூன்றாகத் தட்டில் வைத்து, தொட்டுக்கொள்ள ஆப்பிள் மசியல். இனிப்பா என்று முகம் சுளிக்க வேண்டாம். அடைக்கு வெல்லமும் வெண்ணெயும் வைத்துத் தின்று வளர்ந்த நாக்குக்கு இது புதிதே இல்லை. இன்னும் நெருக்கம் வேண்டுமென்றால் சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்கின் பாகு கேட்க வேண்டும், பெயர் 'ரூபன்கிராவுட்'. கருத்த நிறம், வெல்லப்பாகின் வாசனை, லேசான கசப்பு. சில கடைகளில் இது குறிப்பிட்ட கிழமைகளில் மட்டும்தான் கிடைக்கும். கத்தோலிக்கர்கள் வெள்ளிக்கிழமை இறைச்சி தவிர்க்கும் பழக்கத்தால் அன்று கிடைக்க வாய்ப்பு அதிகம். டிசம்பர் கிறிஸ்துமஸ் சந்தைக் கடைகளில் எல்லா நாளும் உண்டு. கேட்க வேண்டியது இரண்டு: முட்டை சேர்த்ததா (பெரும்பாலும் ஆம்), பொரித்தது எண்ணெயிலா பன்றிக் கொழுப்பிலா.

ஊர் திரும்பிய பிறகு வீட்டில் செய்யவும் வரும். ஒரு கிலோ பழைய உருளைக்கிழங்கு, ஒரு பெரிய வெங்காயம், இரண்டு முட்டை, இரண்டு மேசைக்கரண்டி மைதா, ஒரு தேக்கரண்டி உப்பு. கிழங்கைத் துருவித் துணியில் கட்டி நன்றாகப் பிழிய வேண்டும். பிழிந்த தண்ணீரைக் கொட்டக் கூடாது. பத்து நிமிடம் வைத்தால் அடியில் வெள்ளையாக மாவு படியும், மேல்தண்ணீரை வடித்துவிட்டு அந்த மாவைத் திரும்பச் சேர்க்க வேண்டும். அதுதான் அடையைப் பிடித்துவைக்கும். முட்டை வேண்டாதவர்கள் மூன்று மேசைக்கரண்டி அரிசி மாவு கூட்டலாம். உப்பைக் கடைசியில்தான் போட வேண்டும், முன்னால் போட்டால் மறுபடி தண்ணீர் விடும், சட்டியில் விழுந்ததும் அடை பிரியும். துருவி வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போனால் கறுத்துவிடும். புதுக்கிழங்கில் மொறுமொறுப்பு வராது.

பிற்பகலுக்கு விளையாட்டு. ஊர்க் கால்பந்து அணி ஒன்றாம் எஃப்சி க்யோல்ன், 1948-ல் உருவானது. ஜெர்மனியின் தேசிய லீக் 1963-ல் தொடங்கியபோது முதல் ஆண்டுக் கோப்பையை வென்ற அணி இதுதான். 2024-ல் இரண்டாம் பிரிவுக்கு இறங்கி, 2025-ல் அதன் முதலிடத்தோடு மேலே ஏறியது. அணியின் சின்னம் ஒரு கிடா. வரைந்த கிடா மட்டும் இல்லை, உயிருள்ள கிடாவே போட்டிக்கு வரும். பெயர் ஹென்னெஸ். 1950-ல் ஒரு சர்க்கஸ்காரர் பரிசாகக் கொடுத்ததில் தொடங்கி இப்போது ஒன்பதாவது கிடா நடக்கிறது. மற்ற நாட்களில் ஊர் விலங்குக்காட்சி சாலையில் இருக்கும். அங்கே போனால் பேரப்பிள்ளைகள் கிட்டத்தில் பார்க்கலாம்.

மைதானம் நகரின் மேற்கே ம்யூங்கர்ஸ்டார்ஃபில், 50,000 பேர் கொள்ளும். பேராலய நிலையத்திலிருந்து 16 அல்லது 18-ஆம் எண் டிராமில் நொய்மார்க்ட் போய், அங்கே நிலத்தடியிலிருந்து மேலே வந்து 1-ஆம் எண் டிராம் பிடிக்க வேண்டும். நிறுத்தத்தின் பெயரே மைதானத்தின் பெயர். போட்டிச் சீட்டே டிராம் சீட்டாகவும் செல்லும், சீட்டில் அச்சிட்ட நேரத்தைப் பார்த்துக்கொண்டால் தனிச் சீட்டு தேவையில்லை. சனிக்கிழமை ஆட்டம் பெரும்பாலும் மாலை 3.30-க்கு. எனவே சாப்பாட்டை 11.30-க்கே முடித்து 1.30-க்கு டிராமில் இருக்க வேண்டும். இரண்டு மணிக்கு மேல் 1-ஆம் எண் டிராம் நம் ஊர்த் தைப்பூசத் திருநாள் பேருந்து மாதிரி ஆகிவிடும். ஏ4 தாளைவிடப் பெரிய பை பொதுவாக உள்ளே விடமாட்டார்கள். பானக் கோப்பைக்கு முன்பணம் பிடிப்பார்கள், திருப்பிக் கொடுத்தால் பணம் வரும். உள்ளே சைவத்துக்கு வறுவலும் பிரெட்செல்லும்தான்.

சீட்டு கிடைப்பதுதான் கடினம். உறுப்பினர்களுக்கே முதலில் போகும். சங்கத்தின் அதிகாரப்பூர்வ மறுவிற்பனைப் பக்கத்தைத் தவிர வேறெங்கும், முக்கியமாக மைதான வாசலில், வாங்க வேண்டாம். தெற்குப் பக்கம் நின்று பார்க்கும் ரசிகர் இடம், ஆட்டம் முழுக்க உட்கார முடியாது. பெரியவர்களுக்கு மேற்கிலோ கிழக்கிலோ இருக்கை எடுக்க வேண்டும். ஆட்டம் தொடங்கும் முன் ஐம்பதாயிரம் பேரும் கழுத்துத் துண்டைத் தலைக்கு மேல் பிடித்து ஊர்ப் பேச்சுவழக்கில் பாடுவார்கள். கால்பந்து விதி ஒன்றும் தெரியாவிட்டாலும் அந்த மூன்று நிமிடத்துக்காகவே போகலாம். ஆட்டம் முடிந்ததும் அடித்துப்பிடித்து ஓடாமல் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுக் கிளம்பினால் டிராமில் நிற்க இடமாவது கிடைக்கும்.

சீட்டு இல்லையென்றால் இரண்டு வழி. கபடி பார்த்து வளர்ந்தவர்களுக்குக் கால்பந்தைவிட ஹேண்ட்பால் பிடிக்கும். பக்கத்துக்கு ஏழு பேர், உடம்போடு உடம்பு மோதும் ஆட்டம், 30 நிமிடமாக இரண்டு பாதி, கோல் விழாத நிமிடம் அபூர்வம். டொய்ட்ஸ் பக்கத்துப் பெரிய உள்ளரங்கில்தான் 2010 முதல் ஐரோப்பிய ஆண்கள் சங்கப் போட்டியின் இறுதிச்சுற்று நடக்கிறது. குளிர்காலத்தில் அங்கே ஐஸ் ஹாக்கி உண்டு, கம்பளி இல்லாமல் உட்கார முடியாது. இன்னொரு வழி ஆற்றங்கரைத் துறைமுகப் பகுதியில் இருக்கும் விளையாட்டு அருங்காட்சியகம். மொட்டை மாடியிலேயே சிறு கால்பந்துக் களம் வைத்திருக்கிறார்கள். பக்கத்திலேயே சாக்லேட் அருங்காட்சியகம். திங்கட்கிழமை பல அருங்காட்சியகங்களுக்கு விடுமுறை. ஞாயிறன்று கடைகளே திறக்காது. எல்லாம் சேர்த்துப் பார்த்தால் சனிக்கிழமைதான் தோது.

தவிர்க்க வேண்டிய நாட்கள்: கார்னிவல் என்னும் வேடத் திருவிழா தொடங்கும் நவம்பர் 11-உம், பிப்ரவரி ஒட்டி வரும் கார்னிவல் வாரமும். நடக்க இடமிருக்காது, பாதிக் கூட்டம் போதையில் இருக்கும். ஹாம் ஊரில் 2002-ல் குடமுழுக்கான காமாட்சி அம்பாள் கோயிலையும் இதே நாளில் சேர்த்துக்கொள்ளலாமா என்று நினைப்பவர்கள் உண்டு. இடையில் நூறு கிலோமீட்டருக்கு மேல், அதற்கு வேறு நாள் வையுங்கள்.

ஓடிகோலன் வாங்கிவிட்டுத் திரும்ப வேண்டும். ஃபரினா குடும்பத்தார் 1709-ல் தொடங்கிய கடை பழைய ஊரில் இருக்கிறது, வாசனை அருங்காட்சியகத்தோடு. நம் மருந்துக்கடைகளில் பார்த்துப் பழகிய நீலமும் பொன்னும் கலந்த லேபிள் '4711' என்பது வேறு கடை, கிளாக்கன்காஸெ தெருவில். கதவிலக்கமே பெயராகிவிட்டது. அங்கே நீரூற்றில் தண்ணீருக்குப் பதில் ஓடிகோலனே வழியும், கைக்குட்டையை நனைத்துக்கொள்ளலாம். 100 மில்லிக்கு மேற்பட்ட பாட்டில் பொதுவாக விமானக் கைப்பையில் போகாது. மூடியில் டேப் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, பெட்டியின் நடுவில் துணிகளுக்குள் வைக்க வேண்டும்.